கொடுத்தவர் சொன்னது

அப்பாவின் விரல்களில் செபமாலையை அஞ்சலீனா சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் அன்டன் சவப்பெட்டியருகே வந்து குனிந்தான். அப்பாவின் நெற்றியில் முத்தி செய்யத்தான் குனிகிறான் என்று அவள் விலகி இடம் கொடுத்தாள்.

“மாசக் கடைசிக்குள்ள உன்ரை சாமானுகளை எடுத்திடு. வீட்டை விக்கப் போறன்.”

“அப்பாவை இன்னும் எடுக்கேல்லை, அண்ணை.”

“அதுக்கென்ன? எனக்கு எழுதித் தந்தவர் அவர்தானே. நீதானே பக்கத்தில இருந்து மொழிபெயர்த்தனி.”

உண்மைதான். மூன்று வருடங்களுக்கு முன், பியர்பொன்ட்ஸில் இருக்கும் தன் வீட்டை அப்பா அன்டனின் பேருக்கு மாற்றப் போன அன்று, உறுதி எழுதும் நொத்தாரிசு பிரெஞ்சில் நிதானமாகக் கேட்டார்: “கொடுப்பவர் நீங்கள். முழு விருப்பத்தோடுதான் கொடுக்கிறீர்களா? வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?” பொன்ஜூர் என்ற வணக்கத்துக்கு அப்பால் அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அஞ்சலீனா தமிழில் சொன்னாள்.

“நீ உயிரோட இருக்குமட்டும் அந்த வீட்டில இருக்கலாம் எண்டு எழுதச் சொல்லு, பிள்ளை.”

“என்ரை தங்கச்சியை நான் துரத்துவனே?” என்றான் அன்டன், மேசையில் பேனாவை உருட்டியபடி.

தனக்காகத் தானே கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு முழு விருப்பம், வேறொன்றும் இல்லை என்று நொத்தாரிசிடம் சொன்னாள். அப்பா கையெழுத்து வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை ஒக்சிசன் குழாயை விலக்கிவிட்டு அவர் கேட்டார்: “அது எழுதிக் கிடக்குத்தானே?”

“ஓம், அப்பா.”

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

“அண்டைக்கு அப்பா சொன்னது உனக்கும் கேட்டது, அண்ணை.”

“கேட்டது. நீ ஏன் சொல்லேல்லை?” அன்டன் குரலை உயர்த்தவில்லை. “வேணுமெண்டா கோட்டுக்குப் போய் வழக்குப் போடு. மாத்திச் சொன்னனான் எண்டு நீயே போய்ச் சொல்லு.”

அப்பாவின் தங்கை மாக்கிரட் மாமி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “அழாத, பிள்ளை. உன்ரை அப்பர் உன்னை நடுத்தெருவில விடேல்லை. வீட்டில அவளுக்கு இடம் வச்சிட்டன் எண்டு கோயில்ல எல்லாருக்கும் சொன்னவர்.”

அஞ்சலீனா அழவில்லை. அன்டன் குளிரங்கிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான். பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள்.

வெளியே பனியை ஒதுக்கியிருந்தார்கள். அடக்கத்துக்காகச் சேமக்காலைக்குப் போகும் கார்கள் வரிசையில் நின்றன. எல்லோரும் பார்க்க, தன் காரின் முன்கதவை அன்டன் அவளுக்காகத் திறந்து பிடித்திருந்தான். அவள் அவனைக் கடந்துபோய் மாமியின் பழைய காரின் பின்கதவைத் திறந்தாள். அங்கே பேரப்பிள்ளையின் இருக்கை முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருந்தது. மிச்சத்தில் கிடந்த பிஸ்கட் தூளைக் கையுறையால் தட்டிவிட்டு, முழங்கால்களை ஒடுக்கி உட்கார்ந்தாள்.