துன்பம், ஐந்நூறு சொற்களுக்குள்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். கல்லூரி விண்ணப்பங்களில் பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரையையும் எழுதித் தருவேன். ‘சமுதாயத்துக்குத் தொண்டாற்றுவதே என் சிறுவயதுக் கனவு’ என்ற வரியை முந்நூறு பிள்ளைகளுக்காவது கொடுத்திருப்பேன். அத்தனை தொண்டும் நடந்திருந்தால் இந்த ஊரில் ஒரு சாக்கடையாவது மூடியிருக்கும்.

அகல்யா கொண்டுவந்த விண்ணப்பம் வேறு ரகம். சென்னைப் பக்கத்துத் தனியார் கல்லூரி. நாலு வருஷமும் இலவசம், ஹாஸ்டல் உட்பட. ‘நீங்கள் வென்று வந்த பெருந்துன்பத்தை ஐந்நூறு சொற்களுக்குள் விவரிக்கவும்’ என்று கேட்டிருந்தார்கள்.

“என்னம்மா துன்பம் இருக்குது?”

“பெருசா ஒண்ணும் இல்ல சார். அப்பா நல்லா பாத்துக்குறாரு.”

“அப்ப சீட்டு கிடைக்காது.”

அப்பா சாமிதுரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செராமிக் யூனிட்டில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். “மத்த புள்ளைங்க என்னா எழுதுதுங்க?” என்று கேட்டார்.

“குடிகார அப்பாவத்தான். அதுக்குத்தான் மார்க்கு ஜாஸ்தி.”

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

“அதையே எழுதிடுங்க.”

“அப்பா! நீ மூணாவது டீயே குடிக்க மாட்ட!”

“பேப்பர்லதான குடிக்கிறேன்? கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிக்கு பிராது எழுதிக் கட்டுறோம், காரியம் ஆனதும் ராஜினாமா எழுதி முடிச்சிடுறோம். அப்புடித்தான் இதுவும். சீட்டு கெடைக்கட்டும், வாபஸ் வாங்கிக்கலாம்.”

எழுதினேன். அம்மாவின் மூக்குத்தியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் குடித்தார் என்று கைச்சரக்கும் சேர்த்தேன்.

சீட்டு கிடைத்தது. தொடக்க விழாவில், பெயருக்கு முன்னால் இரண்டு ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளும் நிறுவனர், கட்டுரையை மைக்கில் வாசித்தார். சாமிதுரையை மேடையேற்றி, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். ஒரு நாளும் தொடாத மனுஷன் அத்தனை பேர் முன்னால் கையை நீட்டினார். அரங்கமே கை தட்டியது. மாணவியின் பாதுகாப்பு கருதி, ஹாஸ்டலுக்கு வந்து பார்க்கக்கூடியவர்கள் பட்டியலில் அப்பா பெயரை வார்டன் அடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா திரௌபதி உள்ளே போவாள். அவர் கேட்டுக்கு எதிரே நிற்பார். மூன்று மாதம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

“ராஜினாமா எழுதிக் குடுங்க சார். நான் குடிக்கிறதில்லன்னு.”

“பொய் சொல்லி சீட்டு வாங்குனான்னு புள்ளைய அனுப்பிடுவாங்க.”

“அப்ப வேணாம்.”

அகல்யாவுக்குத்தான் பொறுக்கவில்லை. இந்த ஞாயிறு வார்டனிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், சீட்டு போனால் போகட்டும் என்று போன் செய்துவிட்டாள். திரௌபதியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சாமிதுரை என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். வழியில் பஸ் மாறிப் போனோம். கல்லூரிக்கு முந்தைய ஸ்டாப்பிலேயே இறங்கி, “இங்கயே இருங்க சார்” என்று சாலையைக் கடந்தார். அவர் நுழைந்தது டாஸ்மாக். வெளியே வந்தவர் பின்னாலேயே நானும் கல்லூரி கேட்டு வரை நடந்தேன்.

கேட்டுக்கு உள்ளே அகல்யா வார்டனோடு நின்றிருந்தாள். “மேடம், எங்கப்பா ஒரு நாளும் குடிச்சதே…” என்று அவள் ஆரம்பித்தபோது சாமிதுரை கேட்டுக் கம்பியில் போய் மோதினார். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாரோ, தள்ளாட்டம் கொஞ்சம் அதிகம். வாடை மட்டும் அசல்.

“இந்தாளுக்கா பரிஞ்சு பேசுற?” என்றார் வார்டன்.

அகல்யா கம்பியருகே வந்தாள். மூக்கைப் பொத்தவில்லை.

“எப்பத்துலேருந்துப்பா?”

“ரொம்ப நாளாவே” என்றார். “ஒனக்குத்தான் தெரியாது.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வார்டனிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

சாமிதுரை ரோட்டோரம் குந்தி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாய் கொப்பளித்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“பாப்பாவும் நம்பிடுச்சி சார்.”