வண்ணக்கர் வீட்டு வெல்டிங் மெஷின்

அன்று ஏறாவூரில் அப்துல் மஜீத் ஹாஜியாரின் கடையில் நின்றவர்கள் இவர்கள்: கல்லாவில் ஹாஜியார், மெஷின் பெட்டிகளுக்கு நடுவே அவருடைய மகன் பஹ்மி, தேற்றாத்தீவிலிருந்து வந்த, கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் சாமித்தம்பி, அவருடைய ஒரே மகள் தனுஷா, வங்கியில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஜெயரூபன், தேற்றாத்தீவிலேயே கேற்றும் கிறில்லும் அடித்துக் கொடுப்பவனும் வெல்டிங் குச்சி வாங்க வந்தவனுமான மதுஷன். வேறு எவரும் அங்கு நிற்கவில்லை. பிற்பாடு “நானும் கண்ணால பாத்தன்” என்று சொன்னவர்கள் எல்லாரும் பொய் சொன்னவர்கள்.

வண்ணக்கர் வெள்ளைச் சால்வையைத் தோளில் மடித்துப் போட்டபடி நின்றார். ஹாஜியார் கடையில் இருந்த ஒரே கதிரையைத் துடைத்துக் கொடுத்தும் உட்காரவில்லை. அவர் அதைப் பார்த்த பார்வைக்குக் கதிரையே எழும்பிப் போயிருக்க வேண்டும். கோயில் திறப்பை இடுப்பில் வைத்திருக்கும் மனிதர் இரும்புக் கடைக்கு வருவதே இழுக்கு. அவர் வந்தது ஒரே காரியத்துக்காக: எந்த மெஷினும் வாங்கப்படாமல் பார்த்துக்கொள்வதற்காக.

வீட்டில் சில நாளாக இதே பேச்சு. “வெல்டிங் மெஷின் ஒண்டு வாங்கப் போறம் அப்பா. சும்மா, பொழுதுபோக்குக்கு” என்று சோறு போடும்போது தனுஷா சொன்னாள். பகலெல்லாம் குளிர் அறையில் இருந்து பிறத்தியாரின் காசை எண்ணும் மருமகனுக்குப் பின்னேரத்தில் இரும்பு ஒட்ட ஆசை வந்துவிட்டது என்று வண்ணக்கர் விளங்கிக்கொண்டார். மாங்கேணி என்ற பட்டிக்காட்டிலிருந்து எடுத்த மாப்பிள்ளை. வேறு என்ன ஆசை வரும்? “கூலி வேலயக் கூலி இல்லாமச் செய்யிறதுக்குப் பேரா பொழுதுபோக்கு? ஊருக்குள்ள நான் தலை நிமிந்து நடக்கிறல்லயா? இந்த வீட்டுக்குள்ள அது நடக்காது” என்றார். மனைவி கண்ணகை மீனில் முள் எடுத்தபடியே, “வீட்டத்தான் கலியாணத்தோட அவளுக்கு எழுதிக் குடுத்திட்டமே. நாம இரிக்கிறது அவள்ர பின்னறையில” என்றாள். அது உண்மை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. ஆண் அங்கே வந்து இருப்பவன். வண்ணக்கரும் ஒரு காலத்தில் கண்ணகையின் வீட்டுக்கு ஒரு றங்குப் பெட்டியோடு வந்தவர்தான். அதை நினைவூட்ட மீன் முள் எடுக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தவளை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

பஹ்மி மூன்று மெஷின்களை மேசையில் வைத்தான். மூன்றும் டிக் மெஷின்கள். மெல்லிய எவர்சில்வர்க் குழாயையும் தகட்டையும் ஆர்கன் வாயுவின் மறைப்பில், பொறி பறக்காமல், தையல் போட்டதுபோல ஒட்டுபவை. “இது ஆகக் கொறஞ்ச வெல அண்ணன்” என்று ஜெயரூபனைப் பார்த்துத் தொடங்கினான். “உரசித்தான் பத்த வெக்கணும். பழகுற ஆளுக்கு முனை அடிக்கடி கெடும். நடுவுல இரிக்கிறது சுவிச்ச அமத்தினாப் பத்தும். மற்றது அலுமினியமும் ஒட்டும், வெலதான் கூட.”

வண்ணக்கர் முதலாவது மெஷினை ஒற்றைக் கையால் தூக்கினார். அது கோழிக் கூடுபோல மேலே வந்தது.

“இதென்ன, உள்ளுக்குச் சாமான் போட மறந்திட்டானா?”

“இப்ப எல்லாம் இன்வேட்டர் ஐயா. பாரம் வராது.”

“பாரமில்லாத சாமான் பாரமில்லாத ஆக்களுக்குத்தான்” என்று மருமகனைப் பார்க்காமலேயே சொன்னார். ஜெயரூபன் சிரித்தான். எதற்கும் சிரிக்கும் ஆள்.

மதுஷன் குச்சிப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிட்ட வந்தான். “என்ன வண்ணக்கரையா, மருமகனுக்கு பேங்க் வேல போயிற்றா? சொல்லியிருந்தா எங்கட கடையில ஒரு மூலை தந்திருப்பனே.”

“உன்ட கடைக்கு மூலையும் இரிக்கா? நான் கண்டது ரெண்டு தகரமும் ஒரு நாயும்தான்.”

“அந்தத் தகரத்துக்குக் கீழதான் ஐயா கோயில் கேற்ற ஒட்டினது.”

“அதுதான் முதல் மழைக்கே கழண்டு விழுந்தது.”

ஹாஜியார்கூட வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் மதுஷன் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்துப் போனான். அந்தச் சிரிப்பு தங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேரும் என்று வண்ணக்கருக்குத் தெரியும். வண்ணக்கர் வீட்டுக்குக் கூலித் தொழில் வந்துவிட்டது என்று சொல்வான். அதுவும் ஆக மலிந்த மெஷினை விலை பேசிக்கொண்டு நின்றார்கள் என்று சொல்வான். இரண்டாவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. தடுக்க வந்தவரின் வாயிலிருந்து, “ஆகத் திறம் எது? அதக் கட்டு தம்பி” என்று வந்துவிட்டது.

“வேணாம்” என்றாள் தனுஷா.

அவள் நடு மெஷினுக்கு முன்னால் குனிந்து, காலால் அமத்தும் பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அலுமினியம் நான் ஒட்டப் போறல்ல. அந்தப் பெரிய மெஷின நம்மட வீட்டு வயரும் தாங்காது. இது காணும். சூட்டக் காலால கூட்டிக் கொறைக்கலாம். மிச்சக் காசுக்கு ஆர்கன் சிலிண்டர் எடுக்கோணும்.”

பெரிய தோல் கையுறையை ஜெயரூபனிடம் நீட்டிய பஹ்மியின் கை அந்தரத்தில் நின்றது.

“எனக்கில்ல தம்பி, அவக்கு” என்றான் ஜெயரூபன். “சின்னச் சோடி இருந்தாத் தாங்க.”

“நீயா?” என்றார் வண்ணக்கர் மகளிடம்.

“நான்தான். இவருக்கு பல்ப் மாத்தவே பயம்.”

“ஓம் மாமா, கரண்ட் எண்டா எனக்குக் கை நடுங்கும்” என்றான் ஜெயரூபன். அதைச் சொல்ல அவன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. ஓர் ஆண் அப்படிச் சொல்லக்கூடும் என்பதை வண்ணக்கர் அன்றுதான் கண்டார்.

“என்னத்துக்குப் புள்ள உனக்கு இது?”

“விருப்பம் அப்பா.”

ஹாஜியார் பண்பான மனிதர். கைபேசியில் எதையோ தேடத் தொடங்கினார். மதுஷன் முந்திப் போனது நல்லதாகப் போயிற்று என்று மட்டும் வண்ணக்கர் நினைத்தார்.

மெஷின் வந்தது. வீட்டுக்குப் பின்னால், அவருடைய அறை யன்னலுக்கு நேராக, தகரக் கொட்டிலில் இருந்தது. ஒட்டும்போது சத்தமில்லை, நீல வெளிச்சம் மட்டும். குழாயை வெட்டவும் தேய்க்கவும் கிறைண்டர் போட்டால்தான் வளவு அலறும். பொறி கொட்டில் வாசல்வரை பறக்கும். முதலில் ஒட்டியதெல்லாம் புண்போல வீங்கிக் கறுத்தது. “வாந்தி எடுத்து வெச்சதுபோல இரிக்கு” என்றார் வண்ணக்கர். “ஓம், கை ஆடுது” என்று சொல்லிவிட்டு அதை வெட்டி எறிந்து திரும்பவும் ஒட்டினாள். சத்தத்தை நிறுத்தச் சொல்லவே தான் வாசலில் போய் நிற்பதாக அவர் கண்ணகையிடம் சொன்னார். ஒவ்வொரு பின்னேரமும் சொன்னார்.

வருடச் சடங்கு பற்றிப் பேசக் கோயில் முன்றலில் ஊர் கூடியது. மதுஷன் தன் வேலையைச் செய்திருந்தான். மற்றத் தாய்வழிக் குடிகளின் ஆட்கள் வண்ணக்கரைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். கடைசியில் ஒருவர், இரக்கப்படுகிற முகத்தோடு, “மருமகனுக்கு பேங்க் வேல போயிற்றாமே வண்ணக்கர்? நீங்க வெல்டிங் கடை போட்டுக் குடுத்திருக்கிறீங்களாம்” என்றார்.

மருமகனின் பொழுதுபோக்கு என்று ஒரு சொல் சொன்னால் காணும். கேட்டவர்கள் கலைந்து போவார்கள். மகளின் பெயர் இரும்போடு சேர்ந்து எவர் வாயிலும் விழாது. ஆனால் கோயில் வாசலில், இந்தக் கூட்டத்துக்குப் பயந்து, ஒரு பொய்யா? இவர்களுக்கா? மதுஷன் ஒட்டிய கேற்றைப்போல இரண்டு நாள் நிற்காத நாக்குகளுக்கா? வண்ணக்கர் முதுகை நிமிர்த்தினார்.

“மருமகன்ட வேல போகல்ல. கடையும் போடல்ல. அவருக்கு ஒட்டவும் தெரியா. ஒட்டுறது என்ட மகள் தனுஷா.”

அவர் சால்வையை உதறித் திரும்பவும் தோளில் போட்டார். அதன் ஓரத்தில் மிளகளவில் கரிந்த ஓட்டைகள் இருந்தன. அவற்றினூடாகக் கோயில் விளக்கு ஒரு கணம் தெரிந்து மறைந்தது.