உள்ளங்காலில் ஒரு தட்டு

விடிவதற்குள்ளேயே அந்த அறை கொதித்துக்கொண்டிருந்தது. எட்டுக் கண்ணாடிப் பெட்டிகள், எட்டிலும் உள்ளங்கையளவு உயிர்கள். ஐந்து நர்சுகள் பார்த்த வேலை, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இப்போது இரண்டு பேருக்கு வந்து நின்றது. அதிலும் ஒருத்தியைப் பிரசவ அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தவள் குட்டி டாக்டர். பச்சைக்குழந்தைகளைப் பார்ப்பதற்கென்றே மேல்படிப்புப் படித்த நர்சு. டாக்டர் போனில் மட்டுமே வருவார். மூச்சுக்குழாய் இறக்குவதும் மருந்து ஏற்றுவதும் இவள்தான். அதனால் வந்த பெயர் அது.

மூன்றாம் பெட்டிக் குழந்தை மூச்சுக்குத் தவித்தது. குழாயை இறக்கி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் காற்றுப்பையை அமுக்கினாள். விட்டால் போச்சு. அந்த நேரம் பார்த்து ஏழாம் பெட்டியின் அலாரம் அலறியது. குறைமாதக் குழந்தை மூச்சுவிட மறந்துவிட்டது. தினமும் நடப்பதுதான். உள்ளங்காலில் ஒரு தட்டுத் தட்டினால் ஞாபகம் வந்துவிடும். தட்ட ஒரு கை வேண்டுமே! தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவரும் வரவில்லை. அமுக்கிக்கொண்டே, அந்தச் சின்ன முகம் நீலம் பாரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரிக்கும் வரக்கூடாத நிலைமை.

பிரசவ அறையிலிருந்து கூட்டாளி ஓடி வந்தபோது மூன்றாம் குழந்தை பிழைத்திருந்தது, ஏழாவதற்கு நேரம் கடந்திருந்தது. நின்றுபோன இதயத்துடிப்பு திரும்பியது, மூச்சு திரும்பவில்லை. அந்தக் குழந்தைக்காக இப்போது மெஷின் மூச்சு விடுகிறது.

காலையில் ஆஸ்பத்திரி முதலாளி வந்தார்.

"அலாரம் அடிச்சும் பார்த்துக்கிட்டு நின்னியாமே?"

"ஒண்ணை விட்டாத்தான் சார் இன்னொண்ணைத் தொடமுடியும். எதை விடணும்னு நீங்களே சொல்லுங்க."

"வியாக்கியானம் வேண்டாம். இன்னியோட நீ வேலையில இல்ல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

ஏழாம் குழந்தையின் தாய், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "நீங்க அப்ப எங்க இருந்தீங்க?" என்றாள்.

"பக்கத்துலதாம்மா இருந்தேன்..." குட்டி டாக்டர் அழுதாள்.

தாய் முதலாளியிடம் திரும்பினாள். "இவங்களையும் அனுப்பிட்டா என் புள்ளைய யாரு பார்ப்பா?"

"ஆளுக்கு ஏற்பாடு பண்றோம்மா."

"நேத்தே பண்ணியிருக்கலாமே?"

பகல் நர்சுகளும் அதற்குள் வந்துவிட்டார்கள். "அவளை அனுப்பினா நாங்க யாரும் வேலை பார்க்கமாட்டோம்" என்றாள் ஒருத்தி. முதலாளி சிரித்தார். "தாராளமா. குழந்தைங்களை அப்படியே போட்டுட்டுப் போங்க, பார்ப்போம்." இவர்களால் முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தானே ஆளைக் குறைத்தார்!

கூட்டாளி முன்னே வந்தாள். "யாரு சார் போறது? ராத்திரி ஷிப்ட் முடிஞ்ச நாங்களும் வீட்டுக்குப் போகல. பழையபடி ஆள் போடற வரைக்கும் எல்லாரும் இங்கதான். இவளும்தான்."

"போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. உள்ள வர்றப்ப கையைக் கழுவிட்டு வரச்சொல்லுங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியேறினார். எட்டுப் பெட்டிகளையும் பங்குபோட்டுக்கொண்டு நர்சுகள் போய் நின்றார்கள். தாய் சுவரைப் பிடித்து மெல்லக் குனிந்து, வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டாள். மற்ற தாய்மார்களும் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"அக்கா, என் புள்ளைக்கு உயிர் இருக்கா?" என்று ஏழாம் குழந்தையின் தாய் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

குட்டி டாக்டர் ஏழாம் பெட்டிக்குள் கைவிட்டு, நெஞ்சில் விரல் வைத்துப் பார்த்தாள். "இருக்கும்மா."

"அப்ப நானும் எழுந்திருக்க மாட்டேன்."