எல்லா ஊரிலும் ஒரே மாவு

வடிவு அரைத்த மாவில் குறை சொல்ல அந்தப் பெருமாளுக்கே வாய் வராது. கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, கம்பையும் கொள்ளையும் பொட்டுக்கடலையையும் தனித்தனியாக வறுத்து, சுக்கு தட்டிப் போட்டு, கொரட்டூர் மாவு மில்லில் தன் முறை வரும்வரை காத்துக்கிடந்து அரைத்துக்கொண்டு வந்தாள். புளிச்சோறு மறுநாள் வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் வீச்சமடிக்கும். சப்பாத்தி வறட்டியாகிவிடும். மாவு என்றால் தோளுக்குப் பாரமில்லை. மோரோ தண்ணீரோ கிடைத்த இடத்தில் உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு நடையைக் கட்டலாம். சர்க்கரையும் ஏறாது, மயக்கமும் வராது. திருப்பதிக்கு நடந்தே போகிற புருஷனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த மகராசன் தொடவே மாட்டேன் என்றுவிட்டான்.

"வேண்டுதல் வடிவு. நம்ம ஊட்டுச் சோறு ஒரு பருக்க தொடக்கூடாது. கோவிந்தா சொல்லி, அடுத்தவங்க ஊட்ல போட்டத துன்னுகினு தான் மல ஏறணும்."

போன வருஷம் மகள் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது ஜானகிராமன் வேண்டிக்கொண்டது அது. பிள்ளை பிழைத்துவிட்டாள், சரி. இப்போது அவனுக்கே சர்க்கரை வந்திருக்கிறதே, அதைப் பெருமாள் பார்க்கவில்லையா? அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்து, தூக்கிக்கொண்டு வந்து போட்டது போன மாதம்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போடவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

புரட்டாசியில் நாமம் போட்ட செம்பை நீட்டினால் ஜனங்கள் என்ன போடுவார்கள்? பச்சரிசி போடுவார்கள், இல்லையென்றால் சர்க்கரைப் பொங்கல். சில வாசலில் ஒன்றுமே கிடைக்காது. ரோட்டோரத்தில் சுருண்டு விழுந்தால், குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று தாண்டிக்கொண்டு போவார்கள்.

"பொண்ண காப்பாத்துன சாமி, அப்பன எடுத்துக்குறேன்னா சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

"வாக்கு குடுத்துட்டேன், உடு" என்றான். கூட வேலை செய்யும் லோகநாதனைச் சேர்த்துக்கொண்டு, விடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டான். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

வடிவு ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும்தான் மூளை வேலை செய்தது. நம் வீட்டுச் சோற்றைத்தானே தொடமாட்டான்? அடுத்த வீட்டு வாசலில், அடுத்தவள் கையால் விழுந்தால்? முகத்தைக் கழுவிக்கொண்டு மாவைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டினாள். மகளைப் பக்கத்து வீட்டு நாகம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

திருநின்றவூரில் ஒரு வீடு, திருவள்ளூரில் ஒரு வீடு, பூண்டியில் ஒரு வீடு. நடைக்காரர்கள் உட்கார்ந்து எழுந்திருக்கும் இடமாகப் பார்த்து, முன்பின் தெரியாத பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கடைசிப் பொட்டலத்தோடு மறுநாள் ஊத்துக்கோட்டைக்குப் போய், சத்திரத்தை ஒட்டியிருந்த ஞானம்மாள் என்பவளின் வீட்டு வாசலில் நின்றாள்.

"உன் கையாலயே போட்டா இன்னா?" என்று கேட்டாள் ஞானம்மாள்.

"நான் போட்டா நம்ம ஊட்டுச் சோறாயிடும்க்கா. தொடமாட்டாரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே தெருவில் "கோவிந்தா" என்ற குரல் கேட்டது. அவன் குரல்தான். வடிவு விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். இடுக்கு வழியாக அவன் கால் தெரிந்தது. பாதம் வீங்கி, கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. ஆனால் தள்ளாடாமல் நின்றான். பெருமாளே என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

ஞானம்மாள் பொட்டலத்தைப் பிரித்துச் செம்பில் கொட்டினாள். ஜானகிராமன் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தான். லோகநாதன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மாமே, இந்த ரூட்ல எல்லா ஊட்லயும் ஒரே மாவு தானா? திருநின்றவூர்ல இது, திருவள்ளூர்ல இது, பூண்டிலயும் இது. சுக்கு வாசன கூட மாறல."

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எது கெடாது, எது கனக்காது, எது உடம்புக்கு ஆகும் என்று இத்தனை யோசித்தவளுக்கு இது தோன்றவில்லையே! ஒரு ஊருக்காவது அவலை இடித்துக் கொடுத்திருக்கக் கூடாதா? இப்போது கீழே கொட்டிவிடப் போகிறான். இனி மலை வரைக்கும் எந்த வாசலிலும் செம்பை நீட்டாமல் பட்டினியாகவே நடக்கப் போகிறான்.

ஜானகிராமன் தண்ணீரும் உப்பும் கேட்டு வாங்கினான். மாவை அங்கேயே கரைத்து, மிச்சம் வைக்காமல் குடித்தான். மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"உன் ஊட்டு வாசல்ல, உன் கையால வாங்குன பிச்ச தாயே. வேண்டுதலுக்கு ஒரு கொறயும் இல்ல" என்றான்.

லோகநாதன் நடக்க ஆரம்பித்துவிட்டான். ஜானகிராமன் நகரவில்லை. அவன் காலருகே, வாசலில் வடிவு கழற்றிப்போட்ட செருப்பு கிடந்தது. கதவுப் பக்கம் பார்க்காமல், காலியான செம்பை ஞானம்மாளிடம் மறுபடி நீட்டினான்.

"இன்னொரு பிச்சயும் கேட்டுக்கறேன் தாயே. எனக்கு இல்ல. உள்ள ஒருத்தி கீறா. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னுருக்க மாட்டா. அவளுக்கு ஒரு வாய் சோறு போடு."