குறுக்குக் காற்றும் மாமியாரும்

பல் டாக்டரம்மா விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதை ஊரே மெச்சியது, மாமியாரைத் தவிர. மாமியாருடைய அக்கா மலைக்கு அந்தப் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சாலை வழியே அவ்வளவு தூரம் போக மாமியாரின் உடம்பில் தெம்பில்லை. மருமகளின் குட்டி விமானத்தில் ஒரு மணி நேரம்தான்.

"மொதல்ல நீ எறங்குறத நான் பாக்கணும். ஏறுறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் அன்று காலை மகனோடு விமானத் திடலின் வேலி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா கிளம்பியபோது இலைகூட அசையவில்லை. ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவதற்குள் ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று கிளம்பிவிட்டது. வேகம் பதினான்கு நாட், அதாவது மணிக்கு இருபத்தாறு கிலோமீட்டர், என்றது ரேடியோ. விமானத்தின் கையேட்டில் பதினைந்து வரை போட்டிருக்கிறதே என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. அந்தப் பதினைந்து, கம்பெனி விமானி இறங்கிக் காட்டிய கணக்கு. அவளுடைய கணக்கு பத்து. அதற்கு மேல் அவள் இறங்கியதே இல்லை. தெரிந்தும் இறங்கப் போனாள். மாமியார் பார்க்கிறாரே!

காற்று வந்த இடப்பக்கம் இறக்கையைத் தாழ்த்தி, மூக்கை நேராக்க வலது பெடலை அழுத்தினாள். திடீரென்று காற்று ஓங்கி அடித்தது. பெடல் கடைசிவரை போயும் மூக்கு நேராகவில்லை. விமானம் பாதையின் ஓரத்துக்கு நகர்ந்தது. போதும் இந்த வீம்பு என்று எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கி மேலே ஏறினாள். மானம் கப்பலேறிவிட்டது.

பக்கத்து ஊர் ஓடுபாதை காற்று வரும் திசையை நோக்கி இருந்ததால் அங்கே குறுக்குக் காற்று இல்லை. பூப்போல இறங்கி, கணவனுக்குப் போன் செய்தாள். மாமியார்தான் எடுத்தார்.

"மன்னிச்சிருங்க அத்தை. எறங்க முடியல."

"பாத்தேன். என்ன ஆச்சு?"

"காத்து என் அளவுக்கு மேல. முன்னாடியே திரும்பியிருக்கணும். நீங்க பாக்குறீங்களேன்னு வீம்புக்கு வந்துட்டேன்."

மலைப் பயணம் அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

"எனக்காக எறங்கித் தொலைப்பியோன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன்டி. நீ திரும்பிப் போனதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. காத்தில்லாத நாளாப் பாத்துச் சொல்லு. அக்காவுக்கு வரேன்னு சொல்லிடறேன். ஆனா எனக்கு ஜன்னல் ஓரம்தான் வேணும்."

"இருக்கிறதே ரெண்டு சீட்டு, ரெண்டும் ஜன்னல் ஓரந்தான் அத்தை" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.