பதினோரு பூனைகளுக்கு உடையவர்

விகாரையின் படிக்கட்டில் ஒன்பது பூனைகள் வரிசையாகக் கிடந்தன. மேலே பழைய துணி போர்த்தியிருந்தது. ரச்சனி துணியை விலக்கினாள். ஈறும் காது மடலும் மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல இருந்தன.

"என்ன சாமி இது?"

"நாலு நாளா வாந்தி. நேத்து அஞ்சு போச்சு, இன்னிக்கு நாலு," என்றார் சுதின் பிக்கு. "ரெண்டுதான் மூச்சோட கெடக்கு. நீ பொறந்த நாளுக்குக் கொண்டுவந்தியே, அந்தத் தீனியைத்தான் மூணு வாரமாப் போட்டேன். வேற ஒண்ணும் குடுக்கலம்மா. அதுங்களுக்கு அவ்ளோ பிடிச்சுப்போச்சு."

அவர் குற்றம் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

பிறந்த நாளுக்குப் புண்ணியம் சேர்க்க ஆளாளுக்கு ஒன்று செய்வார்கள். ரச்சனி வருடா வருடம் இந்தப் பூனைகளுக்குத் தீனி மூட்டை வாங்கிக் கொடுப்பாள். கடையில் ஏழெட்டு மூட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இதை எடுத்தாள். ஏனென்றால் பின்பக்கம் அச்சடித்திருந்த பதிவு எண் அவள் கொடுத்தது. கால்நடைத் தீனிகளுக்கு எண் வழங்கும் அலுவலகத்தில் அவள்தான் பதிவு அலுவலர். "இது நான் பாஸ் பண்ணினது. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்," என்று கடைக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டது இப்போது நினைவுக்கு வந்தது.

விகாரையில் மிஞ்சிய தீனியையும், கடையில் புதிதாக வாங்கிய மூட்டை ஒன்றையும் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தாள். மறுநாளே அங்கு வேலை பார்க்கும் நொப்பமாட் போன் செய்தாள்.

"அக்கா, இது எங்க கெடச்சுது? ரெண்டுலயுமே பூஞ்சை நஞ்சு. இருக்கலாம்னு சொல்ற அளவுக்குப் பதினெட்டு மடங்கு! ஊசிப்போன மக்காச்சோளத்த அரைச்சுப் போட்டிருக்கான் படுபாவி. போன வருஷம் நீங்க அனுப்பின மாதிரியில ஒண்ணுமே இல்லையே?"

"நான் எங்க அனுப்பினேன்? கம்பெனிக்காரன் கொண்டுவந்து குடுத்தத அப்படியே அனுப்பினேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஆறு வருடமாக நடப்பது அதுதான். மாதிரிப் பொட்டலத்தைக் கம்பெனியே தேர்ந்தெடுத்து, நல்ல பெட்டியில் போட்டு, சில சமயம் ஆரஞ்சுக் கூடையும் சேர்த்துக் கொண்டுவரும். ஆரஞ்சு இனிப்பாகத்தான் இருந்தது. கடையில் விற்கிற மூட்டையை ஒருநாளும் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அறிக்கையை எடுத்துக்கொண்டு மேலதிகாரி திரேக்கின் அறைக்கு ஓடினாள்.

"அண்ணே, இன்னிக்கே எல்லாக் கடையிலயும் விற்பனைய நிறுத்தணும்."

"எந்த விதியில நிறுத்தச் சொல்ற? செத்த பிராணிக்கு உடையவன் புகார் குடுத்தாத்தான் நாம கைவைக்க முடியும்."

"ஒம்பது பூனை செத்துருச்சு, ரெண்டு சாகக் கெடக்குண்ணே!"

"கோயில் பூனைக்கு ஏது உடையவன்? பிக்கு பேர்ல குடுத்தாச் செல்லாது, அவருக்குச் சொத்தே கெடையாது. யாராவது வீட்டுக்காரன் வருவான், பொறு."

"அவன் வர்றதுக்குள்ள இன்னும் எத்தன வீட்டுல சாகும்?"

திரேக் நாற்காலியில் சாய்ந்தார். "நாலு வருஷம் முன்னாடி விதியத் திருத்தலாமான்னு மேலிடத்துல கேட்டாங்க. நம்மளே கடையில போய் மாதிரி எடுக்கலாம்னு வரைவு வந்துச்சு. 'தேவையில்லை, பதிவே போதும்'னு குறிப்பு எழுதிப் போட்டது யாரு தாயே?"

எழுதியது ரச்சனிதான். வேலை கூடுமே என்று அலுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒரே வரியில் எழுதித் தள்ளிய குறிப்பு. அது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இப்படியும் ஒருத்தி மறப்பாளா?

அலமாரியிலிருந்து புகார்ப் படிவத்தை எடுத்து அவர் மேசையிலேயே வைத்து நிரப்பினாள். உடையவர் பெயர்: ரச்சனி. பிராணிகள்: பூனை, பதினொன்று; இறந்தவை ஒன்பது. பதிவு வழங்கிய அலுவலர்: ரச்சனி.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு எடத்துலயும் உன் பேர்! நீ எப்படி உடையவளாவ?"

"தீனிக்கு ஏற்பாடு பண்றவங்களும் உடையவங்கதான்னு விதியில இருக்குண்ணே. மூணு வாரமா அதுங்க தின்னது என் தீனிதான?"

"வேலை போயிரும்டி."

"முத்திரையக் குத்துங்க."

அவர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினார். அவளுடைய போன் அடித்தது. பிக்குதான்.

"இன்னொண்ணும் போயிருச்சும்மா."

அறை முழுதும் கேட்கும்படியாக இருந்தது குரல். திரேக் முத்திரையைக் குத்தினார். அன்று மாலைக்குள் அந்தத் தீனியை விற்கக் கூடாதென்று கடைகளுக்கு உத்தரவு போனது. அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது, விசாரணை முடியும்வரை அலுவலகம் வர வேண்டாமென்று.

மறுநாள் காலை சோறும் அவித்த கானாங்கெளுத்தியும் முள் நீக்கிப் பிசைந்து எடுத்துக்கொண்டு விகாரைக்குப் போனாள். மிஞ்சிய ஒரே பூனை தூணடியில் தலை தூக்கி உட்கார்ந்திருந்தது. பிழைத்துவிடும் என்றார் பிக்கு.

ரச்சனி ஒரு கவளம் எடுத்து நீட்டினாள். பூனை மெல்ல வந்து முதலில் மீனை முகர்ந்தது, பிறகு அவள் கையை முகர்ந்தது. அப்படியே பின்வாங்கிப் போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.