பதினோராம் பக்கம்

சுதர்ஷினி சனிக்கிழமை காலை கொழும்பிலிருந்து வந்து இறங்கியபோது, நான் கையெழுத்துப் போடவேண்டிய கடதாசிக்கட்டு அவள் கையில் இருந்தது. தேத்தண்ணி குடித்து முடிக்கமுன்பே அதைக் கதிரையில் பரப்பிவிட்டாள்.

என் மகள் எஞ்சினியருக்குப் படித்தவள். பாலமும் கட்டவில்லை, மெசினும் ஓட்டவில்லை. கொழும்பில் ஒரு கந்தோரில் இருக்கிறாள். யாராவது ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று உரிமை கேட்டால், அது உண்மையிலேயே புதிதா, முன்பே எவராவது எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா என்று தேடுவது அவள் வேலை. ஐம்பது வருடத்துக்கு முந்திய ஜப்பான்காரனின் தாளைக்கூட இழுத்து வெளியே எடுத்துவிடுவாள். ஒரு தாள் அகப்பட்டால் போதும், கேட்டவனின் உரிமை செத்தது.

"மற்ற ஆக்களின்ர பிள்ளையைச் சாகடிக்கிற வேலையப்பா," என்று ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாள்.

இந்தமுறை அவள் கொண்டுவந்தது என் பெயரில் உரிமை கேட்கிற கடதாசி.

மூன்று வருடத்துக்கு முன், மாசியில், பெரியமடுவில் ஒரு சேற்று வயல். வெட்டு மெசின் இறங்காது. கையால் அரிந்து, நெற்கட்டுகளைச் சூடாகக் குவித்து, உழவு மெசினில் பூட்டுகிற சூடடிக்கும் மெசினால் அடித்தோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புத் தண்டு சுழலும். என் மனைவி அழகம்மாவின் சேலைத் தலைப்பை அது பிடித்தது. நான் பத்தடி தள்ளி நின்றேன். ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினேன். அதற்குமேல் எழுத என்னால் முடியாது.

பிறகு நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து ஒன்று செய்தேன். தண்டின்மேல் தளர்வாகப் போடுகிற தகரக் குழாய். துணியோ கையோ குழாயைக் கொஞ்சம் இழுத்தால், அதில் கட்டிய சைக்கிள் பிறேக் வயர் இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும்.

"தண்டுக்கு மூடி உலகம் முழுக்க இருக்கு அப்பா. ஆனா இழுபட்ட உடன எஞ்சினை நிப்பாட்டுறது, இந்த மாதிரி, ஒருத்தரும் செய்யேல்லை. மூண்டு கிழமை தேடிட்டன்," என்றாள் சுதர்ஷினி.

வவுனியாவில் மெசின் செய்கிற கம்பனி ஒன்றோடும் பேசியிருந்தாள். உரிமைப் பத்திரம் கிடைத்தால் தாங்கள் செய்கிற எல்லா மெசினிலும் குழாயைப் பூட்டுவார்களாம். பத்திரம் இல்லையென்றால் தொடமாட்டார்களாம். மற்றவன் பார்த்துச் செய்துவிடுவான் என்ற பயம்.

"ஒரு கேள்விதான். இதைப் பற்றி எங்கயாவது அச்சில வந்ததோ? பேப்பரில, நோட்டீசில? ஒரு வருசத்துக்குள்ள எண்டா சமாளிக்கலாம். அதுக்கு முந்தி எண்டா முடிஞ்சுது."

"இல்லைப் பிள்ளை."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. கல்வெட்டு.

இந்த ஊர்ப்பக்கம் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், நன்றி. மலைநாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்களிடம் அந்த வழக்கம் இல்லை. நான் நாற்பத்தைந்து வயதில் எழுத்துப் படித்தவன். அவளுக்கு ஒன்று என் கையால் எழுதவேண்டும் என்று நினைத்தேன். அவளைப் பற்றி நாலு பக்கத்துக்குமேல் வரவில்லை. தேவாரம் எல்லாம் முடிந்து பதினோராம் பக்கத்தில் குழாயின் படத்தைக் கீறி, எப்படிப் பூட்டுவது என்று எழுதினேன், இன்னொருத்தி அப்படிச் சாகக்கூடாது என்று. நூறு பிரதி அடித்து வீடு வீடாகக் கொடுத்தோம்.

சுதர்ஷினியிடமும் ஒன்று இருக்கிறது. முதற்பக்கத்தில் தாயின் படத்தைக் கண்டு மூடியவள், பிறகு திறந்ததே இல்லை.

கடைக்குப் போகிறேன் என்று சொல்லி, ஒரு உரப்பையோடு சைக்கிளில் ஏறினேன். முதலில் அன்னப்பிள்ளை அக்காவின் வீடு.

"கல்வெட்டைத் திருப்பிக் கேக்கிற மனிசனை இப்பதான் காணுறன். என்ன, பெண்சாதி எழும்பி வந்திட்டாவோ?"

"அதில பிழை இருக்கு அக்கா. திருத்தி அடிக்கப் போறன்."

"இந்த ஊரில அடிச்ச கல்வெட்டு எல்லாம் பொய்தான் இராமலிங்கம். குடிகாரனைக் கொடைவள்ளல் எண்டு போடுவாங்கள். உம்மடதைத்தான் நான் முழுக்க வாசிச்சனான்."

சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தாள். சில வீடுகளில் உடனே கிடைத்தது. சில வீடுகளில் அலுமாரித் தட்டுக்கு விரித்திருந்தார்கள். கறையான் தின்றுவிட்டது என்று சொன்ன வீடுகளில் எனக்குச் சந்தோசம் வந்தது. பெண்சாதியின் முகத்தைக் கறையான் தின்றதற்குச் சந்தோசப்பட்டவன் நான். இப்போதும் கூசுகிறது.

கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் நிரூபனின் வீட்டுக்குப் போகும்போது பின்னேரம். சூடடிக்கிற மெசின் வாடகைக்கு விடுகிற பெடியன். முற்றத்தில் மெசின் நின்றது. தண்டின்மேல் தகரக் குழாய். பிறேக் வயர். மெசினின் பக்கத்தில், பொலித்தீன் பையில் போட்டுக் கம்பியால் கட்டிய கல்வெட்டு.

"உங்கட பதினோராம் பக்கம்தான் அண்ணை," என்றான். "முதல் வயர் அறுந்து அறுந்து போச்சுது. பிறகு தடிச்ச வயர் போட்டன். இந்தப் பெரும்போகத்தில என்ர மனிசியின்ர சேலையைப் பிடிச்சது. டக்கெண்டு நிண்டிட்டுது. சேலை கிழிஞ்சதுக்கு அவள் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை."

உள்ளே யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

"என்ன அலுவலா வந்தனீங்கள்?"

"சும்மா."

வீட்டுக்கு வந்தேன். சுதர்ஷினி நிலத்தில் இருந்தாள். மடியில் அவளுடைய கல்வெட்டு விரிந்து கிடந்தது. எந்தப் பக்கம் என்று நான் பார்க்கத் தேவையில்லை.

"அந்தக் குழாய்க்கு அம்மான்ர பேர் வைச்சு, அவவைப் பற்றி ரெண்டு வரி எழுதுவம் எண்டு எடுத்தனான்," என்றாள். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "ஊரெல்லாம் திரிஞ்சு சேர்த்தீங்களோ?"

"உன்ர ஒண்டும், அதைப் பாத்துத் தன்ர மெசினில குழாய் பூட்டியிருக்கிற நிரூபன்ர ஒண்டும்தான் மிச்சம். ரெண்டையும் எடுத்து எரிச்சா ஒருத்தருக்கும் தெரியாது பிள்ளை. கம்பனி பூட்டட்டும். எத்தினை பொம்பிளையள் தப்பும்?"

"எரிச்சிட்டு, புதுசெண்டு நான் எழுதிக் குடுக்கிறதோ? நாளைக்கு ஒருத்தன் எழும்பி, நாங்கள் முந்தியே பாத்தனாங்கள் எண்டா? நிரூபன்ர மெசின் ஊரெல்லாம் ஓடுது." அவள் குரல் உடைந்தது. "மற்ற ஆக்களின்ர எண்டா முதல் நாளே கண்டு பிடிச்சிருப்பன் அப்பா. இது என்ர பைக்குள்ள மூண்டு வருசமாக் கிடந்தது."

தன் கணினியைத் திறந்தாள். முன்பே அச்சில் வந்தவை என்று அவள் தேடிச் சேர்த்த பட்டியலின் மேலே ஒரு வரி சேர்த்தாள். கல்வெட்டு, அழகம்மா இராமலிங்கம், பெரியமடு, திகதி, பக்கம் பதினொன்று. கையெழுத்துப் போடவேண்டிய கடதாசியைத் திரும்ப மடித்து உறைக்குள் வைத்தாள். பிள்ளையைச் சாகடிக்கிற வேலை என்று அன்றைக்குச் சொல்லிச் சிரித்ததை அவளும் நினைத்திருப்பாள்.

திங்கட்கிழமை கம்பனிக்காரர் தொலைபேசியில் சொன்னார்: "அப்ப ஆரும் செய்யலாம்தானே. நாங்கள் ஏன் மினக்கெட வேணும்?"

ஆரும் செய்யலாம். ஒருவரும் செய்யவில்லை, நிரூபனைத் தவிர.

இப்போது சிறுபோக வெட்டு. நான் கூலிக்கு நிற்கிற வயலில் தண்டு வெறுமையாகச் சுழல்கிறது. உரப்பையிலிருந்து ஒரு கல்வெட்டை எடுத்து மெசின்காரனுக்குக் கொடுத்தேன். "பாப்பம் ஐயா," என்று வாங்கித் தன் இருக்கைக்குக் கீழே செருகினான். பெண்கள் சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு கட்டுத் தூக்குகிறார்கள்.

நான் கட்டுத் தூக்கச் சூட்டுப் பக்கம் போவதில்லை. உழவு மெசினில் எஞ்சினை நிறுத்துகிற பிடிக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். வேலை செய்யாமல் நிற்கிறேன் என்று முதலாளி ஏசுகிறார்.